318ஆம் பக்கத்து மன்னிப்பு

பூவராகனுக்கு ஜப்பானிய மொழியில் பன்னிரண்டு வார்த்தைகள் தெரியும். அவற்றில் ஒன்பது மன்னிப்புக் கேட்பதற்கானவை. மிச்சம் மூன்றில் ஒன்று நன்றி, ஒன்று காலை வணக்கம், இன்னொன்று ஒரு வகை நூடுல்ஸ். இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டுதான் அவன் புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் உட்கார்ந்து, வருஷத்துக்கு முப்பது நாற்பது ஜப்பானியப் புத்தகங்களுக்குப் பக்கம் கோத்து, அச்சுக்குத் தயாராக்கி அனுப்பிக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்களுக்கு அவன் ‘ஜப்பான் பூவராகன்’. கல்யாண வீட்டில் யாராவது ஜப்பான் பாஷையில் பேசிக்காட்டச் சொன்னால் அந்த ஒன்பது மன்னிப்பையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் பந்திக்கு நழுவிவிடுவான். எல்லோரும் கை தட்டுவார்கள்.

படிக்கத் தெரியாத மொழிக்குப் பக்கம் கோப்பது எப்படி என்று கேட்டால் அவனிடம் தயாராகப் பதில் இருந்தது. படிக்கிறவனுக்கு மொழி தெரிய வேண்டும். கோக்கிறவனுக்குக் கண் தெரிந்தால் போதும். எழுத்து வரவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் நின்றால் எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை என்று அர்த்தம். மேலிருந்து கீழாக ஓடும் வரியில் நிமிர்ந்து நிற்க வேண்டிய, ஒலியை நீட்டச் சொல்லும் நீட்டல் கோடு மல்லாந்து படுத்திருந்தால் யாரோ அமைப்பை மாற்ற மறந்துவிட்டார்கள். முற்றுப்புள்ளியான அந்தச் சின்ன வட்டம் ஒரு வரியின் தலையில் வந்து உட்கார்ந்தால் அது குற்றம். ஜப்பானியர்கள் எதை வேண்டுமானாலும் பொறுப்பார்கள், அதைப் பொறுக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் அவன் பஸ்ஸில் போகிறபோதே கைப்பேசித் திரையில் கண்டுபிடித்துவிடுவான்.

வேலைக்கு அவர்கள் பயன்படுத்தியது ‘சரம்’ என்ற மென்பொருள். உலகெங்கும் இருக்கிற ஆர்வலர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதி இலவசமாகத் திறந்து வைத்தது. யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருள். ஆகையால் கோளாறு வந்தால் யாரையும் திட்ட முடியாது என்பது அதன் ஒரே குறை. சரத்தின் உள்ளே ‘நிரவி’ என்று ஒரு பகுதி உண்டு. ஒரு பக்கம் இரண்டு வரி குறைந்து அசிங்கமாக முடிந்தால், நிரவி அந்தப் புத்தகத்தையே படித்து, அதே ஆசிரியரின் நடையில் ஒரு வாக்கியம் சேர்த்துப் பக்கத்தை நிரப்பிவிடும். கூடிப்போனால் ஒரு வாக்கியத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பதிப்பாளர்களுக்கு முதலில் திக்கென்றிருந்தது. பிறகு, பக்கங்கள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வருவதைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

பழகிக்கொண்டதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. அச்சில் எது எசகுபிசகாக வந்தாலும் ‘நிரவி வேலை’ என்று கையை உதறிவிடலாம். தேர்தல் அறிக்கையில் வந்த வாக்குறுதி நிரவி வேலை. வில்லியனூரில் ஒரு மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையில் பெரிய அத்தையின் பெயர் காணாமல் போனதும் நிரவி வேலை. அத்தை நம்பவில்லை, ஆனால் சண்டை போட ஆள் கிடைக்காமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நிரவியின் ஜப்பானியப் பகுதியை எழுதிய ஆர்வலன் பூவராகன்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த வாக்கியம் மனிதர் எழுதியது, எது நிரவி சேர்த்தது என்று கோப்பில் குறித்துவைக்கும் வசதி வேண்டும் என்று ஃபின்லாந்திலிருந்து ஒரு பெண்மணி அவனிடம் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘அடுத்த மாதம்’ என்று அவனும் மூன்று வருஷமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை டெல்ஃபின் மேடம் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிறுவனத்தின் மேலாளர். அறையில் ஏசி ஓடியும் விசிறிக்கொண்டிருந்தார்.

“பூவராகன், உக்காருங்க. அந்த பம்பு கம்பெனி புக்கு ஞாபகம் இருக்கா?”

“மறக்க முடியுமா மேடம்? அறுநூறு பக்கம். அறுபது வருஷச் சரித்திரம். பம்பு படம் மட்டுமே இருநூறு.”

ஜப்பானில் கடலோர ஊர் ஒன்றில் இருக்கும் தண்ணீர்ப் பம்புத் தொழிற்சாலை அது. அங்கே கம்பெனிகள் தங்கள் வரலாற்றைத் தடித்த புத்தகமாகப் போட்டு, ஆண்டு விழாவில் எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். யாரும் படிக்க மாட்டார்கள், அலமாரியில் வைப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் பூவராகனும் அதைக் கோத்திருந்தான்.

“படிச்சுட்டாங்கப்பா” என்றார் மேடம்.

“ஐயையோ. யாரு?”

“எல்லாரும். முந்நூத்திப் பதினெட்டாம் பக்கத்துல அவங்க எழுதாத ஒரு பாரா இருக்காம். விழாவுல புக்கைக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் பாத்திருக்காங்க.” திரையை அவன் பக்கம் திருப்பினார். மொழிபெயர்ப்பு ஓடியது.

*சோதனைக்கு முன் மேற்பார்வையாளர் இசோகாய், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ‘நிறுத்துங்கள்’ என்று சொன்னார். நாம் நிறுத்தவில்லை. பழியை அவர்மேல் போட்டு வெளியே அனுப்பினோம். இசோகாய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.*

நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு பெரிய பம்பைச் சோதிக்கும்போது குழாய் வெடித்து இரண்டு பேருக்குப் பலத்த காயம். கம்பெனியின் புத்தகக் குழு ஒப்புதல் கொடுத்த மூலப்பிரதியில் அது ஒரே வரி: பொறுப்பாளர் இசோகாயின் கவனக்குறைவால் நேர்ந்தது.

“நம்ம சாஃப்ட்வேர்தான் சேத்துடுச்சுன்னு சொல்றாங்க. ஏற்கெனவே நாப்பதாம் பக்கத்துல ‘அன்று இலேசான மழை’ன்னு அதுவா ஒரு வரி போட்டுச்சு இல்ல? அதேதான் இதுவும்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டுட்டேன்.”

“பாக்காமலேயா மேடம்?”

“பாத்துட்டு மன்னிப்பு கேட்டா லேட்டாயிடும்பா.”

அது அந்த அலுவலகத்தின் சட்டம். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் முதலில் மன்னிப்பு, பிறகு விசாரணை. ஜப்பானியர்கள் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள், ‘சற்றே சிரமம்’ என்பார்கள்; இவர்களும் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள், ‘ஆகட்டும்’ என்பார்கள். இப்படி இரண்டு தரப்பும் மறுக்கவே தெரியாமல் பத்து வருஷமாக வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

“அவங்களுக்குக் கோபமெல்லாம் இல்ல” என்றார் மேடம். “ரொம்ப நல்லவங்க. ரெண்டே ரெண்டு கேக்கறாங்க. ஒண்ணு, இது சாஃப்ட்வேர் கோளாறுன்னு நாம ஒரு சான்றிதழ் தரணும். ரெண்டு, ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடிச்சுத் தரணும். எல்லாப் புக்குலயும் ஒட்டிடுவாங்க. அந்த இசோகாய்க்கும் ஒண்ணு அனுப்பிடுவாங்க. அதோட முடிஞ்சுது. வருஷ ஒப்பந்தம் அப்படியே நீடிக்கும்.”

“அந்த ஆளு உயிரோட இருக்காரா?”

“இருக்காருபோல. எம்பது சொச்சம்.”

பூவராகன் தன் இருக்கைக்குத் திரும்பினான். இசோகாய். அந்தப் பெயரை அவனுக்குத் தெரியும். பிழை பார்க்க எடுத்த முதல் மெய்ப்பில் அந்த இடத்தில் வெற்றுக் கட்டம் நின்றது. பெயரின் பழைய வடிவம் அது; வழக்கமான எழுத்தைவிட ஒரு கோடு அதிகம், எழுத்துருவில் கிடையாது. வழக்கமான எழுத்தையே போட்டுவிடலாமே என்று கேட்டதற்கு, கம்பெனியின் பொது நிர்வாகப் பிரிவிலிருந்து புத்தகத்தைக் கவனித்துக்கொண்ட கனேமாரு, ‘சற்றே சிரமம்’ என்று நான்கு முறை எழுதினார். கடைசியில் பூவராகனே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கோடு கோடாக அந்த எழுத்தை வரைந்து சேர்த்தான். ஒரு மனுஷனின் பெயரைக் கையால் வரைந்துவிட்ட பிறகு அவனை யாரோ என்று நினைப்பது கஷ்டம்.

சரி, கோளாறு என்றால் அதை மறுபடி வரவழைத்துக் காட்ட வேண்டும். வரவழைக்க முடியாத கோளாறைச் சரிசெய்ய முடியாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பூவராகன் குழுவின் மூலப்பிரதியை எடுத்தான், நிரவியை ஓடவிட்டான், 318ஆம் பக்கத்தை வேண்டுமென்றே நான்கு வரி குறைத்தான். நிரவி யோசித்து ஒரு வாக்கியம் போட்டது: அன்று வானம் தெளிவாக இருந்தது. ஆறு வரி குறைத்தான். அன்று வானம் தெளிவாக இருந்தது, தொழிற்சாலை முற்றத்தில் செர்ரி மரங்கள் பூத்திருந்தன. பத்து வரி குறைத்தான். செர்ரிப் பூக்களோடு பம்புகளின் தரமும் அந்த வருடம் உயர்ந்தது.

இரண்டு நாள் இப்படியே ஓடியது. எழுத்துருவை மாற்றினான், பழைய பதிப்பைப் போட்டான், வேறு கணினியில் பார்த்தான். மழை, வெயில், பனி, பூ, மேலாளர்களின் அயராத உழைப்பு. மன்னிப்பு மட்டும் வரவில்லை. ஆர்வலர்களின் மன்றத்தில் விவரம் போட்டான். பிரேசில்காரர் ஒருவர், தன் ஆய்வேட்டில் நிரவி ‘என் மனைவிக்கு நன்றி’ என்று சேர்த்துவிட்டதாகவும், தான் பிரம்மச்சாரி என்பதால் அம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதினார். ஃபின்லாந்துப் பெண்மணி ஒரே வரி எழுதினார்: ‘குறித்துவைக்கும் வசதி இருந்திருந்தால்?’ பூவராகன் தனக்குத் தெரிந்த ஒன்பதில் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான்.

வியாழக்கிழமை டீ குடித்துக்கொண்டே அந்த நான்கு வாக்கியங்களைத் திரும்பவும் பார்த்தான். அவன் எழுதிய நிரவியை அவனுக்குத் தெரியும். ரொம்ப மரியாதையான பிராணி. புத்தகத்தில் இருப்பதைச் சுற்றிச் சுற்றி வரும். இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்கும். அறுநூறு பக்கத்தில் எங்கேயும் இல்லாத ஒரு தொப்பி அதற்கு எங்கிருந்து கிடைத்தது? நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் பேசுவதற்கு முன் தொப்பியைக் கழற்றினார் என்பது யாருக்குத் தெரியும்?

பார்த்தவருக்குத் தெரியும். அல்லது பார்த்தவரிடம் கேட்டவருக்கு.

வேலைக் கோப்பில் கடைசி வாரம் கை வைக்க இரண்டு பேருக்குத்தான் அனுமதி இருந்தது. ஒருவன் பூவராகன். தான் எழுதவில்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. நூடுல்ஸைத் தவிர வேறெதையும் ஜப்பானிய மொழியில் எழுத அவனால் முடியாது.

கனேமாருவைக் காணொளியில் கூப்பிட்டான். நடுவில் மொழிபெயர்ப்புக் கருவி உட்கார்ந்துகொண்டது. அது தமிழைக் கல்யாணப் பத்திரிகைகளைப் படித்துக் கற்றுக்கொண்டதோ என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. திரையில் நரைத்த தலை, ஒழுங்கான கழுத்துப்பட்டை. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருப்பதாக முன்பே சொல்லியிருக்கிறார்.

“நிகழும் மங்களகரமான வியாழக்கிழமையில் தங்களைக் காண்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்” என்றது கருவி. “தங்கள் சுற்றமும் நட்பும் நலமா?”

“நலம் கனேமாரு சான். ஒரு சின்ன சந்தேகம். அந்தத் தொப்பி.”

கனேமாருவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் கழுத்துப்பட்டையை ஒரு முறை தொட்டுக்கொண்டார்.

“எங்க சாஃப்ட்வேருக்கு மழை தெரியும், பூ தெரியும்” என்றான் பூவராகன். “தொப்பி தெரியாது. நான்தான் அதை எழுதினேன், அதனால சொல்றேன். கொஞ்சம் மக்கு.”

கனேமாரு எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“புத்தகத்துக்காக ஓய்வு பெற்றவர்களின் இல்லங்களுக்கு அடியேன் எழுந்தருளினேன்” என்றது கருவி. பூவராகன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அடுத்த வாக்கியத்தில் சிரிப்பு தானாக அடங்கியது. “இசோகாய் அவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார். அவரோடு வேலை செய்தவர்கள் ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனியின் பெயரில் மட்டும் சொல்லக் கூடாது. நான் எழுதியதைக் குழு வெட்டிவிட்டு ஒரு வரி ஆக்கியது. கடைசி நாள், கோப்பு தங்களிடம் திரும்பி வருவதற்கு முன், வெட்டியதைத் திரும்ப வைத்துவிட்டேன்.”

“எங்க மேல பழி போடணும்னா?”

“இல்லை, இல்லை!” கருவி முந்திக்கொள்வதற்குள் அவர் கைகளே சொல்லிவிட்டன. “கேட்டால் நான்தான் என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. ‘நிரவி வேலை’ என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அன்று முதல் சொல்ல வாய் வரவில்லை. தங்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தியமைக்கு...”

“அதை விடுங்க. எனக்கு ஒன்பது விதமா தெரியும். இசோகாய் புக்கைப் பாத்தாரா?”

கனேமாரு ஜன்னல் பக்கம் பார்த்தார். “எங்கள் தொழிற்சாலை வாசல் வழியாக மீன் சந்தைக்குப் போவது குறுக்கு வழி. நாற்பது வருடமாக அவர் அந்த வழியில் வந்ததில்லை. மலையைச் சுற்றிக்கொண்டு போவார். புத்தகம் கிடைத்த மறுநாளிலிருந்து வாசல் வழியாக வருகிறார். கையில் மீன் பை. காவலாளி வணக்கம் சொல்கிறான், அவரும் சொல்கிறார். அவ்வளவுதான்.” திரையின் பக்கம் திரும்பினார். “அந்தச் சீட்டு அவர் கைக்குப் போனால் மறுபடி மலையைச் சுற்றுவார். எண்பத்து மூன்று வயது. ஏற்றமான பாதை.”

பூவராகன் டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

“உண்மையை எழுதிவிடுங்கள்” என்றார் கனேமாரு. “கோளாறு இல்லை, கனேமாருதான் என்று. தங்கள் மென்பொருளின் மானம் கப்பல் ஏற வேண்டாம். தங்கள் வருகையை அன்புடன் எதிர்நோக்கும்—” என்று கருவி பத்திரிகையை முடிக்கப் பார்த்தது. பூவராகன் அதை அணைத்தான்.

டெல்ஃபின் மேடம் முழுக்கக் கேட்டுவிட்டு, விசிறியைக் கீழே வைத்தார்.

“பாவம்பா அந்த மனுஷன்.”

“ரெண்டு பேருமே பாவம் மேடம்.”

“நாம நாப்பது பேரு இருக்கோமே, நாம பாவமில்லையா? கோளாறுன்னு எழுதிக் கொடுத்தா அந்தப் பெரியவருக்கு, ‘மெஷின்தான் உளறுச்சு, நாங்க இல்ல’ன்னு சீட்டு போகும். கோளாறு இல்லன்னு எழுதினா, கனேமாருவை வீட்டுக்கு அனுப்பிட்டு அப்புறமும் சீட்டு போகும். எப்படிப் பாத்தாலும் சீட்டு போகும். அப்ப ஏன் நம்ம ஒப்பந்தத்தையும் சேத்துக் கெடுக்கணும்? நீங்களே சொல்லுங்க.”

அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

“சீட்டுக்கு மேட்டர் வந்துடுச்சா?” என்றான்.

“வந்துடுச்சு. நாளைக்கு மெய்ப்பு கேக்கறாங்க.”

சீட்டு எளிமையானது. ஜப்பானியப் பிழைதிருத்தச் சீட்டில் இரண்டு பத்திகள்: ‘தவறு’, ‘சரி’. தவறு என்ற தலைப்பின் கீழே அந்த நான்கு வாக்கியங்களும் மொத்தமாக. சரி என்ற தலைப்பின் கீழே ஒன்றுமில்லை. அடியில் ஏழு இயக்குநர்களின் சிவப்பு முத்திரைகளுக்கு ஏழு வட்டங்கள்.

பூவராகன் அதைக் கோத்தான். கோத்துவிட்டு, வெறுமையாக நின்ற பத்தியைப் பார்த்தான். எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறுமை இருந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. பதினேழு வருஷப் பழக்கம். ஆசிரியருக்குச் சந்தேகக் குறிப்பு எழுதுவது பக்கம் கோக்கிறவனின் கடமை. தப்பாகச் செய்தால் திட்டுவார்கள். சந்தேகம் கேட்டால் யாரும் திட்ட முடியாது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பெரிய கோளாறைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஒவ்வொன்றாகச் சோதிப்பதுதான் வாழ்க்கையில் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை. பத்தியை நான்கு வரிசையாகப் பிரித்தான். வரிசைக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொரு வரிசையின் எதிரிலும் ஏழு முத்திரை வட்டங்கள். பிறகு குறிப்பு எழுதினான்.

“மேடம், இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க.”

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். *‘சரி’ என்ற பத்தி காலியாக உள்ளது. கீழ்க்கண்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எது சரி என்பதைத் தனித்தனியே எழுதி முத்திரையிட வேண்டுகிறோம். ஒன்று: ‘இசோகாய் நிறுத்துங்கள் என்று சொன்னார்.’ சொல்லவில்லை என்பது சரியா? இரண்டு: ‘நாம் நிறுத்தவில்லை.’ நிறுத்தினோம் என்பது சரியா? மூன்று: ‘பழியை அவர்மேல் போட்டோம்.’ போடவில்லை என்பது சரியா? நான்கு: ‘மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.’ கேட்கவில்லை என்பது சரியா? தங்கள் பதில் கிடைத்த உடனே, எந்தெந்த வாக்கியம் கோளாறு என்று குறிப்பிட்டுச் சான்றிதழ் அளிக்கப்படும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.*

மேடம் இரண்டாம் முறை படித்தார். உதட்டோரம் ஏதோ ஆரம்பித்தது.

“இது முடியாதுன்னு சொல்றது இல்லையே?”

“இல்லவே இல்ல மேடம். சந்தேகம்தான் கேட்டிருக்கோம். ரொம்பப் பணிவா.”

“சொல்லவில்லைங்கறதுக்கு எதிர்ல அவங்க கையால முத்திரை வைக்கணும். ஏழு பேரும்.”

“ஆமா.”

“நீங்க அப்பாவின்னு நெனச்சுட்டிருந்தேன் பூவராகன்.”

“நானும் அப்படித்தான் மேடம் நெனச்சுட்டிருந்தேன்.”

குறிப்பு போனது. மறுநாள் பதில் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. வேலைப் பலகையில் அந்தச் சீட்டின் எதிரே ‘வாடிக்கையாளர் பதிலுக்காக’ என்று மஞ்சள் பட்டை விழுந்தது. மஞ்சள் பட்டை விழுந்துவிட்டால் தாமதம் அவர்கள் கணக்கு. டெல்ஃபின் மேடம் விசிறுவதை நிறுத்தியிருந்தார். சீட்டு ஏழு மேசைகளில் ஊர்ந்துகொண்டிருப்பதாகக் கனேமாரு இடையில் ஒரு மெயில் போட்டார். முதல் மேசைக்காரர் தன் முத்திரை மை காய்ந்துவிட்டது என்றாராம். இரண்டாமவர் அந்தக் காலத்தில் தான் வேறு கிளையில் இருந்ததாகச் சொன்னாராம். மூன்றாமவர் சீட்டை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, நான்காமவரின் அபிப்பிராயம் முக்கியம் என்று தள்ளிவிட்டாராம். ஒவ்வொருவரிடமும் உதவியாளர்கள் ‘வெறுமனே அழித்துவிடச் சொல்லலாமே’ என்று கேட்டார்களாம். ‘சற்றே சிரமம்’ என்று ஏழு பேரும் சொன்னார்களாம். காகிதத்தில் இசோகாயின் பெயர், பழைய வடிவத்தில், ஒரு கோடும் குறையாமல் இருந்தது. அதற்கு எதிரே ‘சொல்லவில்லை’ என்று யார் எழுதுவது?

புதுச்சேரியில் மழை பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை நிரவி சேர்க்காத, நிஜமான மழை. தொழிற்பேட்டைச் சாலையில் முழங்கால் தண்ணீர். பூவராகன் பேன்ட்டை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது மஞ்சள் பட்டை பச்சையாகியிருந்தது.

சீட்டு திரும்பி வந்திருந்தது. மெய்ப்பைத் தாளில் எடுத்து, சிவப்பு மையில் கையால் திருத்தி, அப்படியே படம் பிடித்து அனுப்புவது அவர்கள் வழக்கம். இரண்டு, மூன்று, நான்காம் வரிசைகளில் ‘சரி’ என்பதன் கீழே ஒரே சொல், ‘அப்படியே இருக்கட்டும்’ என்பதற்கான சொல். பூவராகனுக்குத் தெரியாத அந்தப் பதின்மூன்றாவது வார்த்தையைக் கருவிதான் சொல்லிக்கொடுத்தது. எதிரே ஏழு ஏழு சிவப்பு முத்திரைகள். ஒன்றிரண்டு சாய்ந்திருந்தன.

முதல் வரிசையில்தான் திருத்தம் இருந்தது. மேடத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு கருவியை ஓட்டினான்.

*தவறு: இசோகாய், ‘நிறுத்துங்கள்’ என்று சொன்னார்.*

*சரி: இசோகாய், ‘நிறுத்துங்கள்’ என்று மூன்று முறை சொன்னார்.*

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மழையில கண்ணாடி ஈரமாயிடுது” என்றார். அறைக்குள் மழை பெய்யவில்லை.

கனேமாரு திரையில் வந்தார். கழுத்துப்பட்டை வழக்கம்போல ஒழுங்காக இருந்தது.

“இது யாரு எழுதினது கனேமாரு சான்? நீங்களா?”

“நான் இல்லை. ஒரு முறை என்றுதான் இசோகாய் என்னிடம் சொன்னார். மூன்று முறை என்பது எனக்கே தெரியாது.” அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். “ஏழு பேரில் ஒருவர். யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக இடது கையால் எழுதியிருக்கிறார். இந்த மங்கள எழுத்தை எழுதிய பெருமகனார், அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.”

“சான்றிதழ் பத்தி ஏதாவது கேட்டாங்களா?” என்று மேடம் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“அதைப் பற்றிய பேச்சு இப்போது யாருக்கும் சற்றே சிரமம்.”

பூவராகன் சீட்டைக் கோத்தான். நீட்டல் கோடுகள் நிமிர்ந்து நின்றன. எந்த வரியின் தலையிலும் புள்ளி இல்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டு, வேறு சாக்கு எதுவும் கைவசம் இல்லாததால், ஃபின்லாந்துப் பெண்மணி கேட்ட வசதியை எழுத உட்கார்ந்தான். இனி நிரவி சேர்க்கும் ஒவ்வொரு வாக்கியமும் நிரவியின் பெயரில் இருக்கும். மனிதர்கள் எழுதியது மனிதர்கள் தலையில். பிரேசில்காரர் உடனே ஆட்சேபம் எழுதினார்: இனி அம்மாவிடம் என்ன சொல்வது?

பத்து நாள் கழித்துக் கனேமாரு தானாகவே கூப்பிட்டார். சீட்டை அவரே வாசலில் நின்று இசோகாய் கையில் கொடுத்தாராம். கிழவர் மீன் பையைக் காவலாளியிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாராம். மேலிருந்து கீழே ஒரு முறை. மறுபடி ஒரு முறை.

“என்ன சொன்னாரு?” என்றான் பூவராகன்.

“ஒரு குறை சொன்னார்” என்றது கருவி. கனேமாருவின் முகத்தில் சிரிப்பு கழுத்துப்பட்டை வரை இறங்கியிருந்தது. “முதல் முறை சொன்னாராம். இரண்டாம் முறையும் சொன்னாராம். மூன்றாம் முறை சொல்லவில்லையாம், கத்தினாராம். புத்தகம் என்றால் சரியாக இருக்க வேண்டாமா, இதற்கு இன்னொரு சீட்டு போட முடியுமா என்று கேட்டருளினார்.”

பூவராகன் புதுக் கோப்பைத் திறந்தான். இரண்டு பத்தி, ஒரே ஒரு வரிசை, ஏழு வட்டங்கள்.